நிழலுக்குள் நாலு விரல்

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க சார். இருபத்தெட்டு வருசமா படத்தைத் திருத்தித் திருத்தியே கண்ணு பூத்துப்போன ஒருத்தன், கோர்ட்டுக் கூண்டுல ஏறி நின்னு, ‘ஐயா, இந்தப் படத்துல நான் கையே வைக்கல’ன்னு சொல்லணுமாம். எப்படி இருக்கும்? சமையல்காரனைக் கூப்பிட்டு, நான் அடுப்பே பத்த வைக்கல, சோறு தானா வெந்துச்சுன்னு சொல்லச் சொல்லுத மாதிரி இருக்கா இல்லையா? அந்தக் கேஸுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். பதினோரு மணிக்குப் பாளையங்கோட்டையில நிக்கணும்.

பையா? மேல வைக்க வேண்டாம் சார், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு ஆல்பம் இருக்கு, ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கு. ஆல்பம் விழுந்தா தாங்கும், டிஸ்க் தாங்காது. இந்த பஸ் டிரைவரு ஓட்டுத ஓட்டு வேற உங்களுக்கே தெரியுது. நீங்க ஜங்ஷனுக்கா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

என் பேரு தங்கப்பழம். சங்கரன்கோவில்ல வந்து ரூபகலா ஸ்டுடியோ எதுன்னு கேட்டா யாரும் சொல்லுவாவ. கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து, எல்லாம் உண்டு. படம் எடுக்க எவனாலயும் முடியும் சார். இன்னைக்குப் போன் வச்சிருக்கவன் பூராவும் போட்டோகிராபர்தான். எடுத்ததுக்குப் பொறவு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து அதுக்கு உசிரு குடுக்கான் பாருங்க, அதுதான் தொழில். அதுலயும் கர்வ்ஸ். கர்வ்ஸ்னா தெரியுமா? தெரியாதா? சொல்லுதேன் கேளுங்க, ரொம்ப லேசு.

இந்தா, இந்த முன் சீட்டு முதுகைப் பாருங்க. இது ஒரு சதுரக் கட்டம்னு வச்சுக்கிடுங்க. இங்கன கீழ் மூலையில இருந்து அங்கன மேல் மூலைக்குக் குறுக்கால ஒரு கோடு. நேர்க்கோடு. கீழ் மூலைதான் படத்துல உள்ள கும்மிருட்டு. தலைமுடி, கதவிடுக்கு, தாடைக்கு அடியில விழுத நிழலு, எல்லாம் இங்கனதான் கிடக்கும். மேல் மூலை வெள்ளை. பட்டுச் சரிகை, பல்லு, டியூப்லைட்டு. நடுவுல மூஞ்சி. கோட்டை நடுவுல பிடிச்சு லேசா மேல தூக்கினியன்னா மூஞ்சி வெளிச்சமாயிரும். கீழ இழுத்தியன்னா இருண்டுரும். அம்புட்டுத்தான் சார். ஆனா எங்க பிடிக்கணும், எம்புட்டுத் தூக்கணும், தூக்கும்போது மத்த இடமும் கூடச் சேந்து வராம எங்கெங்க ஆணி அடிச்ச மாதிரி புள்ளி வைக்கணும், அதுலதான் சூட்சுமமே இருக்கு. புதுசா வாரவன் ஒரே தூக்காத் தூக்குவான். மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி ஆயிரும், சரிகையில ஒரு இழை தெரியாது. நான் தூக்கினா தூக்கினதே தெரியாது. பாக்கவன், ‘அடடா, அன்னைக்கு வெயிலு என்னமா விழுந்திருக்கு’ம்பான். வெயிலாவது மண்ணாவது. எல்லாம் அந்தக் கோடு.

எங்க கடையில ஒரு சட்டம் உண்டு. கை வைக்காத படம் கடையை விட்டு வெளிய போவாது. எவ்வளவு வேண்டியவன் வந்து கேட்டாலும் சரி. ‘அண்ணாச்சி, எடுத்ததை அப்படியே பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க’ம்பான். முடியாதுன்னுருவேன். பச்சை மாவை எவனாவது இலையில வைப்பானா? அடியில என் கடைப் பேரு இருக்குல்லா.

கேஸ் என்னன்னா கேக்கிய? அதுவும் சொல்லுதேன்.

எங்க ஊர்ல சேர்மராஜ்னு ஒருத்தன். சிமெண்டு, கம்பி வியாபாரம். தங்கமான பய சார். எங்க போய்ப் பாத்தாலும் ‘அண்ணாச்சி, டீ குடிச்சியளா’ன்னு கேக்காம போவ மாட்டான். அவன் கல்யாணத்துக்கு நான்தான் படம். பொண்ணு பேரு வேல்கனி. ஆலங்குளம் பக்கம், தகப்பன் இல்லாத பிள்ளை. குணமான பொண்ணுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா கேமரா முன்னால நிறுத்தினா சிரிப்பு வராது. ‘சிரி தாயி, சிரி தாயி’ன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

போன ஐப்பசியில அவளுக்கு வளைகாப்பு. மொட்டை மாடியில பந்தல் போட்டிருந்தாவ. அந்தப் பந்தல்காரனை நாலு சாத்துச் சாத்தணும் சார், மேல சிவப்புத் துணியைக் கட்டித் தொலைச்சுட்டான். எல்லாரு மூஞ்சியிலயும் அந்தச் சிவப்பு. லைட்டைப் போட்டா ஒரு பக்கம் வெளுக்கு, மறுபக்கம் இருட்டு. வேல்கனியை நாற்காலியில உக்கார வச்சு, கழுத்து நிறைய மாலை, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வாரவ போறவ எல்லாம் கன்னத்துல சந்தனத்தை அப்புதாளுவ. அதுல ஒரு அத்தைக்காரி, தாடையைப் பிடிச்சு மேல தூக்கிச் சந்தனம் பூசினா. அந்தப் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அண்ணாந்துச்சு. டக்குனு அமுக்கினேன். சார், பத்து வருசத்துக்கு ஒருக்காதான் அப்படி ஒரு படம் விழும்.

மறுநாள் மத்தியானம் அதைக் கம்ப்யூட்டர்ல திறந்து வச்சேன். மூஞ்சி டல்லா இருந்துச்சு. நடுவுல பிடிச்சு ஒரு தூக்குத் தூக்கினேன். பத்தல. இருட்டுப் பக்கமா இன்னொரு புள்ளி வச்சு அதையும் தூக்கினேன். தாடைக்கு அடியில, மாலைக்கு மேல, அந்த இருட்டு பைய வெளுத்துச்சு. வெளுக்க வெளுக்க உள்ள இருந்து என்னவோ மேல வருது. பட்டை பட்டையா நாலு.

பந்தல் கயித்து நிழலுன்னு நெனச்சேன். கயிறு எங்க கிடக்கு, கழுத்து எங்க கிடக்கு. மாலைச் சாயம் ஒட்டியிருக்கும்னு நெனச்சேன். பெருசு பண்ணிப் பாத்தா, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஒண்ணு. அந்த ஒண்ணு மட்டும் கட்டையா, அகலமா. நடுவுல நீலம், ஓரம் மஞ்ச பாரிச்சிருக்கு. மஞ்ச வந்துட்டுன்னா அது நாலஞ்சு நாளு பழசு. நான் என்ன டாக்டரா? கலரைப் பாத்துப் பாத்துப் பழகின கண்ணு, அவ்வளவுதான்.

என்ன செஞ்சேன்னா கேக்கிய? வேற என்ன செய்ய, வளைகாப்பு ஆல்பத்துல அழுக்கு இருக்கலாமா? கழுத்தை மட்டும் சுத்தி வரைஞ்சு அதுக்குன்னு தனியா ஒரு கோடு போட்டேன். இருட்டு மூலையில ஒரு ஆணி. அதுக்கு மேல ஒரு புள்ளி வச்சு, அதைப் பிடிச்சுக் கீழ ஒரு இழுப்பு. நாலும் போச்சு, ஒண்ணும் போச்சு. இருந்த சுவடே இல்ல. மேல சந்தனம் பூசின கன்னம் மட்டும் ஜம்முனு நிக்கு. அன்னைக்கு எனக்கே என் கையை எடுத்து முத்தம் குடுக்கணும் போல இருந்துச்சு சார். பொய் சொல்லல.

அவகிட்ட கேக்கலியான்னா? என்னத்தைக் கேக்க? புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நான் போட்டோக்காரன். எனக்கு வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அதோட நிறுத்திக்கிடணும். சாமியாணா போடுதவன் போயி அடுப்பங்கரையில என்ன கொதிக்குன்னு பாப்பானா?

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க சேர்மராஜ் வந்தான். பக்கத்து நாற்காலியில உக்காந்தான். ஒவ்வொரு படமாத் தள்ளிக்கிட்டே வாரேன், இந்தப் படம் வந்ததும், ‘நிறுத்துங்க அண்ணாச்சி’ன்னான். எனக்கு என் வித்தையைக் காட்டணும்னு ஆசை. முன்னால எப்படி, பின்னால எப்படின்னு அந்தக் கோட்டைத் தூக்கிக் காட்டினேன், இறக்கிக் காட்டினேன். ரெண்டு தடவை காட்டினேன். அவன் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டான். ‘இன்னும் கொஞ்சம் கீழ இழுங்க’ன்னான். ‘போதும்டே, இதுக்கு மேல இழுத்தா கழுத்து கரிச்சட்டி மாதிரி ஆயிரும்’னேன். அவன் மவுஸ் மேல இருந்த என் கையோட சேத்துப் பிடிச்சுக் கீழ இழுத்தான். என் மவுஸை நான் யாரையும் தொட விடமாட்டேன் சார், எம் பொண்டாட்டியே தொட மாட்டா. அன்னைக்கு என்னால கையை எடுக்க முடியல. கம்பி தூக்குத கை, நல்ல பலம். பெருவிரலு இந்தா இம்புட்டு அகலம். விட்டதுக்குப் பொறவு பாத்தா என் புறங்கை சிவந்து போய்க் கிடக்கு. சிரிச்சுட்டே, ‘இதான் நல்லாருக்கு அண்ணாச்சி’ன்னுட்டு எந்திரிச்சுப் போனான். எனக்கு அதுல கொஞ்சம் மனவருத்தம்தான். தொழில் தெரியாதவன் மவுஸைப் பிடிக்கலாமா?

தை மாசம் பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. ஆனியில ஒருநாள், கடையில ஆளு இல்லாத நேரம், வேல்கனி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தா. பிள்ளைக்குப் படம் எடுக்கணும்னா. எடுத்தேன். பொறவும் போவல. நின்னுக்கிட்டே இருக்கா. ‘என்ன தாயி’ன்னேன். ‘அண்ணாச்சி, வளைகாப்புல எங்க அத்தை சந்தனம் பூசுத படம், ஆல்பத்துல பாத்தேன். எடுத்தது எப்படி இருந்துச்சோ அது உங்ககிட்ட இருக்கா?’ன்னா. ‘ஏன் இல்லாம, எடுத்த எல்லாம் இருக்கு’ன்னேன். ‘காட்டுவியளா?’

காட்டினேன். சும்மா இல்ல, அந்த நெழலைப் பைய வெளுக்க விட்டு, கோட்டை மெதுவாத் தூக்கி, ஒவ்வொண்ணா மேல வார மாதிரி காட்டினேன். இந்தத் தொழிலை மதிச்சு ஒருத்தி கேக்காளேன்னு எனக்குச் சந்தோசம். அவ ஸ்கிரீன் பக்கத்துல வந்து நின்னா. விரலை வச்சு அந்த நாலையும் ஒண்ணொண்ணாத் தொட்டா. ‘இதைத்தான் அண்ணாச்சி எல்லாரும் இல்லைங்காவ. எங்க அம்மா கூட, நீ கனா கண்டிருப்ப, மாசமா இருக்கையில அப்படித்தான் தோணும்ங்கா. நானே ஒருவேளை இல்லையோன்னு நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்’னா. அழுவல சார். அழுதிருந்தா எனக்கு என்ன செய்யன்னு தெரிஞ்சிருக்கும். ‘இதை இப்படியே ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க அண்ணாச்சி. உங்க கால்ல விழுதேன்’னா.

நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்க. அப்படித் தூக்கினா படம் பூரா புள்ளி புள்ளியா உடைஞ்சுரும் சார். இருட்டை ரொம்ப வெளுத்தா அப்படித்தான், மண்ணைத் தூவின மாதிரி ஆயிரும். மூஞ்சி வெளிறிப் போவுது, சரிகை செத்துப்போவுது. அதுல என் கடைப் பேரைப் போட்டு வெளிய குடுக்கவா? ‘சட்டம் சட்டம்தான் தாயி, ஆல்பத்துல உள்ளது வேணும்னா பெருசாப் போட்டுத் தாரேன்’னேன். அவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் டீக்கடையில சேர்மராஜைப் பாத்தேன். ‘உங்க வீட்டுல கடைக்கு வந்திருந்துச்சுடே, அந்தப் படத்தைத் திருத்தாம கேட்டுச்சு, நான் குடுக்கல’ன்னேன். இதுல என்ன இருக்கு? வீட்டுல நடக்கதை வீட்டுக்காரன்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்ல? ‘அப்படியா அண்ணாச்சி’ன்னான். டீயைப் பாதியில வச்சுட்டுப் போயிட்டான். நல்ல ஏலக்கா டீ.

ரெண்டு நாளு கழிச்சு அவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டே போயிட்டான்னு பேச்சு. இடது கையில கட்டுப் போட்டிருந்தாளாம், பஸ் ஸ்டாண்டுல பாத்தவ சொன்னாவ. மாடிப்படியில விழுந்துட்டான்னு சேர்மராஜ் சொன்னான். அந்த வீட்டு மாடிப்படி சரியில்லதான், நானே வளைகாப்பு அன்னைக்கு லைட்டு ஸ்டாண்டோட வழுக்கப் பாத்தேன்.

இப்ப பிள்ளை யாருகிட்ட இருக்கணும்னு கேஸ். ‘மாசமா இருக்கையிலயே என் கழுத்தை நெரிச்சான், இவன்கிட்டப் பிள்ளையைக் குடுத்தா உசிரோட இருக்காது, என்னையும் விடமாட்டான்’னு அவ மனு குடுத்திருக்கா. இவன் பக்கத்து வக்கீல் என் ஆல்பத்தைத் தூக்கிக் காட்டி, ‘ஐயா, கழுத்தைப் பாருங்க, எங்க இருக்கு காயம்?’னு கேட்டிருக்காரு. ஜட்ஜு பாத்திருக்காரு, ஒண்ணும் இல்ல. எப்படி இருக்கும்? வேலை செஞ்சவன் யாரு? அவ, ‘ஒரிஜினல் போட்டோக்காரர்கிட்ட இருக்கு’ன்னு சொல்லவும், எனக்கு சம்மன் வந்துட்டு. ஒரிஜினலோட வரணுமாம். இன்னைக்கு நான் சொல்லுததைக் கேட்டுத்தான் பிள்ளை யாருகிட்டன்னு முடிவாவுமாம். இப்பத் தெரியுதா, மடியில இருக்கது என்னன்னு?

சேர்மராஜ் வக்கீல் என்னைக் கூப்பிட்டு, ‘எடுத்ததை அப்படியே பிரிண்ட் போட்டேன், ஒரிஜினல் அழிஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க’ன்னாரு. அப்படியே பிரிண்ட் போட்டேனாம்! அந்தச் சிவப்புப் பந்தல் நெழல்ல எடுத்த படம் அப்படியே வந்தா எப்படி இருக்கும்னு அந்த ஆளுக்குத் தெரியுமா? என்னைக் கோட்டிக்காரன்னு நெனச்சாரா?

முந்தாநாள் சேர்மராஜே கடைக்கு வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுட்டு உக்காந்தான். ‘அதை அழிச்சிருங்க அண்ணாச்சி, என் முன்னாலயே அழிச்சிருங்க’ன்னான். ‘முடியாதுடே’ன்னு சொன்னேன். எப்படி சார் அழிக்க? அந்தக் கண்ணை மூடினதும், அந்த அண்ணாந்ததும், கன்னத்துல ஒரு பக்கமா விழுந்த வெளிச்சமும்... இனி என் ஆயுசுக்கும் அப்படி ஒரு படம் விழாது. ‘அழிக்க முடியாது, கேட்டா காட்டத்தான் செய்வேன்’னுட்டேன்.

ஆமா சார், காட்டத்தான் போறேன். நேத்துப் பூராவும் யோசிச்சு அதைத்தான் முடிவு பண்ணியிருக்கேன். கையே வைக்கலன்னு சொல்ல என்னால ஆவாது. டிஸ்க்கைப் போட்டு, கோட்டைத் தூக்கி ஜட்ஜுக்கு அந்த நாலையும் காட்டுவேன். பொறவு இறக்கிக் காட்டுவேன். பாக்கட்டும், தங்கப்பழம் யாருன்னு திருநெல்வேலி பாக்கட்டும். அதனால அந்தப் பிள்ளைக்கு நல்லது நடந்தா நடந்துட்டுப் போவட்டும், எனக்கு என்ன?

வேல்கனி இப்ப எங்க இருக்கான்னா கேக்கிய? மானூருக்கு உள்ள தள்ளி ஒரு ஊரு. கூடப் படிச்சவ வீட்டுல, பிள்ளையும் அவளுமா இருக்கா. யாருக்கும் தெரியாது, பெத்த தாயிக்கே சொல்லலியாம். எனக்கு எப்படித் தெரியும்னா, அவளே விலாசம் அனுப்பினதுதான். பத்து நாளைக்கு முன்னால போன் போட்டு, ‘அண்ணாச்சி, ஒருவேளை அன்னைக்கு உங்களை வர விடலன்னா? அந்தப் படத்தை மட்டும் இந்த விலாசத்துக்குக் கூரியர்ல அனுப்பிருங்க, யாருகிட்டயும் சொல்லிராதிய’ன்னா. எனக்கும் மனசு இளகிட்டு. அனுப்பினேன். நல்ல கனமான பேப்பர்ல, கழுத்தை எல்லாம் சுத்தம் பண்ணி, ஓரத்துல கோடு போட்டு, கண்ணாடி ஃபிரேம் போட்டு அனுப்பினேன் சார். கிடைச்சதும் போன் வந்துச்சு. மூச்சு விடுத சத்தம் மட்டும் கேட்டுச்சு. பொறவு கட் பண்ணிட்டா. ஒரு வார்த்தை, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? இல்ல.

சேர்மராஜுக்கு அந்த இடம் தெரியுமான்னா? முந்தாநாள் வரைக்கும் தெரியாது.

நான்தான் சொன்னேன். என்ன சார் இப்படிப் பாக்கிய? அழிக்க மாட்டேன்னு சொன்னதும் அவன் மூஞ்சி செத்துப் போச்சு. கையைப் பிசைஞ்சுக்கிட்டு, ‘என் பிள்ளையைப் பாத்து நாலு மாசம் ஆச்சு அண்ணாச்சி, அது எங்க இருக்குன்னாவது தெரிஞ்சா போதும்’னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்குப் பொறுக்கல. பழகின பய. ஒண்ணுக்கு முடியாதுன்னாச்சு, இன்னொண்ணுக்காவது சரின்னு சொல்ல வேண்டாமா? போன்ல இருந்த விலாசத்தைக் காட்டினேன். ரெண்டு தடவை வாசிச்சான். என் கையைப் பிடிச்சுக் கும்பிட்டுட்டுப் போனான்.

இன்னைக்கு? இன்னைக்கு என்னைக் கார்ல கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்துச்சு. காலையில போன் போட்டு, ‘அண்ணாச்சி, நீங்க பஸ்ஸுல போங்க, நாங்க நாலு பேரு மானூர்ல ஒரு சோலியை முடிச்சுட்டு வாரோம்’னான். சமாதானம் பேசத்தான் போயிருப்பான். அவ கோர்ட்டுக்குக் கிளம்புததுக்குள்ள போயிப் பேசினா ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்து இறங்குவாவ, கேஸே முடிஞ்சிரும்லா?

எதுக்கு சார் கையைப் பிடிக்கிய? விடுங்க, பை விழுந்துரும். போன் போடணுமா? யாருக்கு, வேல்கனிக்கா? இப்பவேவா? சரி, சரி, போடுதேன், சத்தம் போடாதிய, எல்லாரும் திரும்பிப் பாக்காவ.

ரிங்கு போவுது.

இன்னும் போவுது சார். எடுக்கல. கோர்ட்டுக்குக் கிளம்பிக்கிட்டு இருப்பா. பிள்ளைய வச்சுக்கிட்டு... இருங்க, எடுத்தாச்சு. யம்மா வேல்கனி, நான் தங்கப்பழம் பேசுதேன்... யாரு? ஏ, சேர்மராஜா! நீயாடே? ... ஆமா, பஸ்ஸுலதான். தேவர்குளம் தாண்டியாச்சு... வேல்கனி எங்க, பக்கத்துல இருக்கா? ... ஓகோ... அப்படியா... அப்ப நான் வர வேண்டாமா? ... டிஸ்க் பத்திரமா இருக்கு, மடியிலதான் வச்சிருக்கேன்... சரிடே. சரி, வைக்கேன்.

பாத்தியளா? நான் சொன்னேன்லா. அவனேதான் எடுத்தான். எல்லாம் முடிஞ்சிட்டாம் சார். இனிமே கோர்ட்டுக்குப் போவ வேண்டிய அவசியமே இல்லையாம். அடுத்த ஸ்டாப்புல இறங்கி வீட்டுக்குப் போங்கங்கான். சாயங்காலம் கடையில வந்து டிஸ்க்கை வாங்கிக்கிடுதானாம்.

என்ன சார், எந்திரிச்சிட்டிய? மானூர் வர இன்னும் பத்து நிமிசம் இருக்கு. போலீசுக்கா போடுதிய? எதுக்கு? விலாசமா, இந்தா, இதுலதான் இருக்கு, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க, எனக்கு என்னமோ எழுத்தே தெரிய மாட்டேங்குது.

இல்ல சார், அவ பேசல. அவ குரலே கேக்கல. பிள்ளை அழுத சத்தம்தான் கேட்டுச்சு. பக்கத்துலதான் எங்கயோ கிடந்து அழுவுது, தொண்டை கிழியுத அழுகை. நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து வைக்குத வரைக்கும் அழுதுச்சு சார். ஒரு நிமிசம் கூட நிக்கல. அது கைப்பிள்ளை, சத்தம் கேட்டா பெத்தவ எங்க இருந்தாலும் ஓடிவந்துருவால்லா? ஏன் சார் ஒருத்தரும் அதைத் தூக்கல?